பிள்ளைக்கு இருட்டு கொடுப்பது எப்படி

பாளையங்கோட்டையில் என் வீட்டு பீரோவில், பட்டுச்சேலைகளுக்கு அடியில், ஒரு பச்சை ஆபரேஷன் தியேட்டர் துணி இருக்கிறது. நாலாக மடித்து மடித்து, மடிப்பு நெடுக வெளுத்துப்போன துணி. ரிடையரான அன்றைக்கு எடுத்து வந்தேன். திருடி வந்தேன் என்றுகூடச் சொல்லலாம். குறைமாதப் பிள்ளைகள் படுத்திருக்கும் இன்குபேட்டர் மேல் ராத்திரி ஒன்பது மணிக்கு அதைப் போர்த்துவேன். முதல் நாள் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், "என்ன சிஸ்டர், கிளிக்கூண்டா?" என்றார். "ஆமா சார், கிளி தூங்கட்டும்" என்றேன்.

26 வருஷம் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் நர்ஸாக இருந்தேன். அதில் முதல் பாதி முழுக்க, அந்த வார்டில் டியூப் லைட் அணைந்தே பார்த்ததில்லை. கரண்ட் போனால் ஜெனரேட்டர் பிடிக்கும்வரை இருக்கும் சில நொடிதான் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்த இருட்டு. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பிள்ளை நீலம் பாய்ந்தால் உடனே தெரிய வேண்டும் என்று விளக்கைப் போட்டோம், அணைக்கலாம் என்பது யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

வயிற்றில் பிள்ளை இருப்பவர்கள், கைப்பிள்ளை வைத்திருப்பவர்கள், குறைமாதப் பிள்ளையை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வராண்டாவில் உட்கார்ந்திருப்பவர்கள், இந்த மூன்று பேருக்காகவும் எழுதுகிறேன். வாங்க வேண்டிய சாமான் அதிகமில்லை. ஒரு மஞ்சள் பல்பு, ஒரு பேனா, ஒரு ரோல் பிளாஸ்திரி போதும்.

காது முந்தி, வாய் பிந்தி

மெலடோனின் என்றால் தூக்க மருந்து என்று நினைத்திருப்பீர்கள். அதன் வேலை, "பொழுது சாய்ந்தாச்சு" என்று உடம்பு முழுக்கத் தண்டோரா போடுவது. மூளையின் நடுவே நெல்மணி அளவுக்கு இருக்கும் பீனியல் சுரப்பி இருட்டானதும் அதைச் சுரக்கும், விடிந்தால் நிறுத்திவிடும். 1958இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரன் லெர்னர் என்ற தோல் மருத்துவர்தான் மாட்டின் பீனியல் சுரப்பிகளிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். அவர் தேடியது தூக்கத்தை அல்ல, தவளைத் தோலின் நிறத்தை வெளுக்க வைக்கும் பொருளை.

தண்டோரா போட்டால் மட்டும் போதுமா, கேட்கக் காது வேண்டாமா? அந்தக் காதுக்குத்தான் ஏற்பி என்று பெயர். டாக்டர்கள் ரிசப்டர் என்பார்கள். செல்லின் சவ்வை ஏழு தரம் தைத்த நூல்போல உள்ளும் வெளியுமாக ஓடும் ஒரு புரதம். நமக்கு இரண்டு வகை உண்டு: எம்டி1, எம்டி2. மெலடோனின் வந்து உட்கார்ந்ததும் செல்லுக்குள் நடக்கும் சில வேலைகள் தணியும்.

இந்தக் காது எங்கெங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் முறை எனக்குப் பிடித்த ஒன்று. கதிர்வீசும் அயோடினைக் கோத்த மெலடோனினை, மயிரிழையைவிட மெல்லிதாகச் சீவிய திசுத் துண்டின்மேல் ஊற்றி ஊற வைப்பார்கள். பிறகு குளிர்ந்த நீரில் அலசுவார்கள். ஒட்டாதது ஓடிவிடும், ஏற்பியைப் பிடித்தது நிற்கும். அந்தத் துண்டின்மேல் எக்ஸ்ரே ஃபிலிம் போன்ற ஒன்றை வைத்து இருட்டில் நாள்கணக்காக விட்டுவிட்டால், ஒட்டிய இடம் மட்டும் கறுத்துவிடும். கூடவே ஒரு துண்டில் சாதாரண மெலடோனினை அளவுக்கு மிஞ்சி ஊற்றி வைப்பார்கள். அங்கே கறுப்பு மறைந்தால்தான் முதல் துண்டில் தெரிந்தது நிஜமான காது என்று கணக்கு. நான் ஆய்வுக்கூடத்துக்குப் போனவள் இல்லை. ஆனால் மாவு சலிக்கிற எந்தப் பெண்ணுக்கும் இது புரியும்.

1988இல் அமெரிக்காவில் ஸ்டீவன் ரெப்பர்ட்டின் குழு, மனிதர்களின் மூளை அடிப்பக்கத்திலுள்ள ஹைப்போதலாமஸ் என்ற பகுதியைச் சீவி இப்படிப் பார்த்தது. கண் நரம்புகள் குறுக்கே போகும் இடத்துக்கு மேலே, நம் உடம்புக் கடிகாரம் என்று சொல்லப்படும் கடுகளவுப் பகுதி மட்டும் கறுத்தது. பெரியவர்கள் மூளையில் மட்டுமல்ல, பிறக்காத சிசுவின் மூளையிலும். ஏற்பியின் பிடி எவ்வளவு இறுக்கம் என்று அளந்தபோது பெரியவர்களுக்கு 150 பிகோமோலார் (மிக நுண்ணிய செறிவை அளக்கும் அலகு), சிசுவுக்கு 110. இந்தக் கணக்கில் எண் குறையக் குறைய பிடி இறுக்கம் என்று பொருள். ஆக, சிசுவின் காது அரைவேக்காட்டுக் காது இல்லை. கர்ப்பத்தின் 18ஆம் வாரத்திலேயே அது அங்கே இருக்கிறது. ஐந்தாம் மாதம், வளைகாப்புக்கு இன்னும் இரண்டு மாதம் கிடக்கிறது.

அபர்டீனில், அதாவது ஸ்காட்லாந்தில், இன்னொரு குழு மேலும் தேடியது. 1998இல் சிசுவின் சிறுநீரகத்தில் இருப்பதைக் காட்டினார்கள். 2002இல் மூளையின் பல இடங்களில்: தாலமஸ், சிறுமூளை, கண்ணை அசைக்கும் நரம்புகளுக்கான மூளைப் பகுதி, முகத்துக்கும் செவிக்குமான நரம்புகளின் மூளைப் பகுதி. நச்சுக்கொடியிலும் இரண்டு வகையும் உண்டு. காது இருக்கும் இடம் தெரிந்துவிட்டதால் அது அங்கே என்ன வேலை பார்க்கிறது என்பதும் தெரிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது வேறு கணக்கு.

இனி வாய்க்கு வருவோம். பிள்ளையின் சொந்த பீனியல் சுரப்பி, இரவில் அதிகம் பகலில் குறைவு என்ற தாளத்தில் சுரக்கத் தொடங்குவது பிறந்து 9 முதல் 12 வாரம் ஆன பிறகு. குறைமாதப் பிள்ளைக்கு இன்னும் தாமதம். கூட்டிப் பாருங்கள். 18ஆம் வாரத்திலிருந்து பிரசவம்வரை 22 வாரம், அதற்குப் பிறகு 12 வாரம். எட்டு மாதம்போல, கேட்கக் காது இருக்கிறது, சொல்லச் சொந்த வாய் இல்லை. அதுவரை அது யார் சொல்லைக் கேட்கும்? அம்மா சொல்லைத்தான். அம்மாவின் ரத்தத்தில் ஓடும் மெலடோனின் நச்சுக்கொடியைத் தடையில்லாமல் கடக்கும். பிறந்த பிறகு தாய்ப்பால் வழியாகப் போகும்.

இனி நான் சொல்லும் ஒவ்வொரு வேலையும் இந்த ஒரு கணக்கிலிருந்து வருவதுதான். பிள்ளையின் இரவை முதலில் அம்மாவுக்குக் கொடுக்க வேண்டும்.

வயிற்றில் இருக்கும்போது

கர்ப்பிணியின் ரத்தத்தில் இரவு மெலடோனின் 24 வாரத்துக்குப் பிறகு ஏறத் தொடங்கி, 32 வாரத்துக்குமேல் நன்றாக உயர்ந்து, பிரசவமானதும் இறங்கிவிடுகிறது. அந்த மாதங்களில் என்ன செய்கிறோம்? ஏழாம் மாதம் மகளை அம்மா வீட்டுக்கு அழைத்து வருவோம். ஹாலில் மெத்தையைப் போடுவோம். தலைக்குமேல் டியூப் லைட், எதிரே டிவி, கையில் போன். ராத்திரி பதினொன்றரைவரை உறவுக்காரர்கள் பேசுவார்கள். பாசம்தான். ஆனால் வெள்ளை வெளிச்சத்தில் பாசம் காட்டுகிறோம்.

வெளிச்சத்தின் அளவை லக்ஸ் என்பார்கள். போனில் லக்ஸ் மீட்டர் செயலி இறக்கிக்கொண்டால் ஓரளவுக்குக் காட்டும். என் வீட்டு ஹாலில் இரவு எட்டு மணிக்கு 180 காட்டியது. சராசரி மனிதருக்கு 25 லக்ஸ் அளவிலேயே மெலடோனின் சுரப்பு பாதியாகக் குறைந்துவிடுகிறது என்று 2019இல் ஆஸ்திரேலியாவில் அளந்தார்கள். இதில் ஆளுக்கு ஆள் 50 மடங்குக்குமேல் வித்தியாசம் இருந்ததாம். அதனால் "எனக்கு லைட்டைப் போட்டாலும் தூக்கம் வரும்" என்று ஒருத்தி சொன்னால் நம்பலாம். ஆனால் தூக்கம் வருவது வேறு, தண்டோரா போவது வேறு.

செய்ய வேண்டியது: படுக்கப்போகும் நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் தலைக்கு மேலே எரியும் விளக்குகளை அணையுங்கள். இடுப்புயரத்துக்குக் கீழே மஞ்சள் வெளிச்சம் ஒன்று போதும். பெரியவர்களுக்கு நிபுணர்கள் 2022இல் சொன்ன அளவு, அந்த நேரத்தில் கண்ணுக்குப் படுவது 10 லக்ஸுக்குள், தூங்கும்போது 1 லக்ஸுக்குள். பகலில் 250க்குக் குறையாமல். அவர்கள் அளப்பது நீல வெளிச்சத்துக்குக் கூடுதல் மதிப்பு போடும் தனி அளவுகோலில். போன் செயலியோடு அது அப்படியே பொருந்தாது, என்றாலும் கை பார்த்து உப்புப் போடுவதற்கு அது போதும்.

அந்தப் பகல் 250ஐ யாரும் கவனிப்பதில்லை. கர்ப்பிணியை ஜன்னல் சாத்திய அறையில் படுக்க வைத்தால் பகலும் மங்கல், இரவும் வெளிச்சம். இரண்டுக்கும் நடுவே மேடு பள்ளம் இல்லாவிட்டால் உடம்பு எதைப் பிடித்துக்கொள்ளும்? காலையில் அரை மணி நேரம் முற்றத்திலோ மாடிப்படியிலோ உட்கார வையுங்கள். நிழலே போதும். வெளி நிழலில் சாதாரணமாகப் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் ஆய்வு மட்டும் சொல்கிறேன். சிலி நாட்டில் சினையாக இருந்த கபுச்சின் குரங்குகளைக் கடைசி மாதங்களில் இரவும் பகலும் விளக்கு எரியும் அறையில் வைத்தார்கள். தாயின் மெலடோனின் அடங்கிப்போனது, சிசுவின் மூளைக் கடிகாரத்தில் ஜீன்கள் வேலைசெய்யும் தாளம் மாறியது. அதே விளக்கில் வைத்துத் தாய்க்கு இரவில் மெலடோனின் கொடுத்த குரங்குகளில் அந்த மாற்றம் வரவில்லை. குரங்குக்கு நடந்தது அப்படியே மனுஷிக்கு நடக்கும் என்று நான் சொல்லவில்லை. விளக்கை அணைப்பதற்குக் காசு ஆகாது என்று மட்டும் சொல்கிறேன்.

என்னைப்போல நைட் டூட்டி பார்ப்பவர்களுக்கு: டென்மார்க்கில் 2019இல் வந்த பெரிய ஆய்வு ஒன்றில், எட்டு வாரம் தாண்டிய கர்ப்பிணிகளில், ஒரு வாரத்தில் இரண்டு அல்லது அதற்கு மேல் இரவுப் பணி பார்த்தவர்களுக்கு அடுத்த வாரத்தில் கருச்சிதைவு ஆபத்து 32 சதவீதம் கூடுதலாக இருந்தது. காரணம் மெலடோனின்தான் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. என் இரண்டாவது பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு ஏழு மாதம்வரை மாதம் ஒரு வாரம் நைட் பார்த்தேன். கேட்டால், "எல்லாரும் பார்க்கிறாங்க" என்றார்கள். நல்லபடியாகத்தான் பிறந்தான். ஆனால் நீங்கள் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். முடியாது என்றால், அடுக்கடுக்காக வராமல் பிரித்துப் போடவாவது சொல்லுங்கள்.

பிரசவ அறை தேதி பற்றிப் பதறுகிறவர்களுக்கு இடையில் ஒரு செய்தி. கருப்பையின் தசையிலும் இந்த ஏற்பிகள் உண்டு, ஆக்சிடோசினோடு சேர்ந்து மெலடோனின் அந்தத் தசையை இன்னும் பலமாகச் சுருங்கவைக்கிறது. தானாக வரும் வலி பெரும்பாலும் ராத்திரியில் வருவதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். ஆட்டோக்காரர் நம்பரை முன்னாலேயே வாங்கி வையுங்கள்.

பிள்ளை வந்த வீட்டில் விளக்கு

இங்கேதான் சண்டை வரும். "பிள்ள பொறந்த வீட்ல வெளக்கு அணையக்கூடாது" என்பார்கள் ஆச்சிமார். நான் அவர்களோடு சண்டை போட்டதே இல்லை. ஒரு தடவை மேலப்பாளையம் பக்கம் ஒரு வீட்டுக்கு, டிஸ்சார்ஜ் ஆன பிள்ளையைப் பார்க்கப் போயிருந்தேன். ராத்திரி எட்டரை. தூளிக்கு நேர் மேலே 20 வாட்ஸ் எல்.இ.டி. பட்டி பளபளவென்று எரிகிறது. மூலையில் இன்னொரு பல்பு, நீலம்.

"ஆச்சி, உங்க காலத்துல இந்த வெளக்கா எரிஞ்சது?"

"அப்ப ஏது கரண்டு? மாடக்குழியில அகல் எரியும். விடிய விடிய எண்ணெ ஊத்துவேன்."

"அந்த வெளக்கே எரியட்டும் ஆச்சி. இது வேண்டாம்."

ஆச்சிக்கு ஆட்சேபணை இல்லை. அவர்கள் காக்க நினைத்தது வெளிச்சத்தை, அதன் வாட்ஸை அல்ல. அகல் விளக்கின் வெளிச்சம் மங்கல், மஞ்சள், தாழ்வான இடத்திலிருந்து வருவது. இந்தக் காலத்து ஆய்வாளர்கள் கேட்பதும் அதே மூன்றைத்தான். வழக்கத்தில் தப்பில்லை, நாம் பல்பை மாற்றிவிட்டோம். ஒரே ஒரு எச்சரிக்கை: தூளி பழைய நூல்சேலை, தீயை இழுக்கும். அகலைப் பூஜை அறையில் ஏற்றி வைத்துக் கதவைச் சாத்தாமல் விடுங்கள். பிள்ளை படுக்கும் அறையில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

அந்த நீல பல்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் படுக்கையறைகளில் ஜீரோ வாட்ஸ் என்று ஒரு பல்பு தொங்கும், அதில் பாதி நீலம் அல்லது பச்சை. 'ஜீரோ' என்பது பெயர்தான், பழைய குண்டு பல்பு வகை 10, 15 வாட்ஸ் இழுக்கும். விழித்திரையில் பகலா இரவா என்று மட்டும் பார்த்துச் சொல்லும் செல்கள் இருக்கின்றன. அவற்றுக்கு மிகவும் உறைப்பது 480 நானோமீட்டர் அலைநீளத்துக்குப் பக்கத்திலுள்ள நீலம். படுக்கையறைக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது என்று நாம் மாட்டுவது அதே நீலத்தை. கழற்றிவிட்டுச் சிவப்போ ஆரஞ்சோ மாட்டுங்கள். அது கிடைக்காவிட்டால் கடையில் 'வார்ம் ஒயிட்' என்று கேளுங்கள். அட்டையில் 2700 கே என்று இருக்கும். 6500 கே வேண்டாம். கண்ணில் நேராகப் படாமல் கட்டிலுக்கு அடியிலோ பீரோ பின்னாலோ வையுங்கள்.

ஆனால் கும்மிருட்டும் வேண்டாம். பிள்ளையின் உதடு சிவப்பா நீலமா, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். நான் சொல்லிக்கொடுக்கும் அளவு இதுதான்: கதவருகில் நின்று பிள்ளையின் வாய் தெரிய வேண்டும், ஆனால் காலண்டரில் சின்ன எழுத்தைப் படிக்க முடியக்கூடாது. மஞ்சள் காமாலை பார்க்க மட்டும் பகல் வெளிச்சம் வேண்டும். மஞ்சள் பல்பின் கீழ் எல்லாப் பிள்ளையும் மஞ்சளாகத்தான் இருக்கும், அதை வைத்து ராத்திரியில் பயப்படவும் கூடாது, நிம்மதியடையவும் கூடாது.

ராத்திரி பால் கொடுக்க எழுந்தால் சுவிட்சைத் தட்டாதீர்கள். அணையாடை, துணி, தண்ணீர் எல்லாவற்றையும் பொழுதிருக்கும்போதே கைக்கெட்டும் இடத்தில் அடுக்கிவிடுங்கள். பெரிய விளக்கைப் போடுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், துணியைத் தேடுவதுதான். போன் டார்ச் அதைவிட மோசம், பிள்ளையின் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் பிடிப்பார்கள். பேச்சு வேண்டாம், கொஞ்சல் வேண்டாம். கொஞ்சலை எல்லாம் காலை எண்ணெய்க்குளியலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பகலில் நேர்மாறாகச் செய்யுங்கள். பிள்ளை தூங்குகிறது என்று ஜன்னலைச் சாத்தி, எல்லோரும் குசுகுசு என்று பேசி, பகலை இரவாக்காதீர்கள். குக்கர் விசில் அடிக்கட்டும். வெயில் முகத்தில் படாமல் வெளிச்சம் அறைக்குள் இருக்கட்டும்.

இதெல்லாம் செய்தும் பிள்ளை ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துச் சிரிக்கும். சிரிக்கட்டும். மூன்று மாதம்வரை அது சிரிக்கத்தான் செய்யும். பசிக்கு எழுவது கடிகாரக் கோளாறு அல்ல, அது வயிறு.

பால் பாட்டிலில் மணி எழுதுங்கள்

வேலைக்குப் போகும் அம்மாக்களும், பிள்ளையை ஆஸ்பத்திரியில் விட்டிருப்பவர்களும் இதைத் தவறாமல் படியுங்கள்.

பிராகில் ஹெலெனா இல்நெரோவா குழு 1993இல் தாய்ப்பாலில் மெலடோனினை அளந்தது. ராத்திரிப் பாலில் நன்றாக இருந்தது, பகல் பாலில் கண்டுபிடிக்கவே முடியவில்லை. அதாவது ஒரே மார்பு, பகலுக்கு ஒரு பால், இரவுக்கு ஒரு பால். நேராகக் குடிக்கும் பிள்ளைக்கு எந்தக் குழப்பமும் இல்லை. கறந்து வைக்கும்போதுதான் குழப்பமே.

என் தப்பைச் சொல்கிறேன். பல வருஷம் பால் பாட்டிலில் அம்மா பெயரும் தேதியும் மட்டும் எழுதினேன். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பெண் வராண்டாவில் உட்கார்ந்து, தூக்கம் சொக்கச் சொக்க, 30 மில்லி கறந்து கொடுப்பாள். காலையில் நான் அதைப் பகல் பாலோடு ஊற்றிக் கலந்து பாலாடையில் பகல் பதினொரு மணிக்குப் புகட்டுவேன். இரவுச் செய்தியைப் பகலில் படித்துக் காட்டுவதுபோல. எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை.

இப்போது இப்படிச் செய்யச் சொல்கிறேன். வெள்ளைப் பிளாஸ்திரியைக் கிழித்து மூடியில் ஒட்டுங்கள், பால்பாயிண்ட் பேனாவால் தேதியோடு மணியையும் எழுதுங்கள். ஸ்கெட்ச் பேனா ஃபிரிட்ஜ் ஈரத்தில் அழியும். இரவு எட்டிலிருந்து காலை ஆறுவரை கறந்த பாலுக்கு ஒரு பிறை நிலா வரையுங்கள். படிக்கத் தெரியாத ஆச்சியும் நிலாவைப் பார்த்து எடுப்பார். நிலாப் பால் ராத்திரிக்கு, மற்றது பகலுக்கு. இரண்டையும் ஒரே பாட்டிலில் ஊற்றாதீர்கள். கறந்த பால் வெளியே 4 மணி நேரம் தாங்கும் என்று புத்தகத்தில் இருக்கும். அது 25 டிகிரி அறைக்குச் சொன்னது. நம் ஊர் சித்திரையில் நான் அதை நம்ப மாட்டேன், கறந்த கையோடு ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃபிரிட்ஜில் 4 நாள்.

ராத்திரிப் பால் தீர்ந்து பகல் பால்தான் இருக்கிறது என்றால் யோசிக்காமல் அதைக் கொடுங்கள். பசித்த பிள்ளைக்குக் கடிகாரம் பார்க்கக்கூடாது. பவுடர் பால் குடிக்கும் பிள்ளையின் அம்மாவும் குற்ற உணர்ச்சிப்பட வேண்டாம், உங்கள் பிள்ளைக்கு அறை வெளிச்சத்தில் மேடு பள்ளத்தை இன்னும் கவனமாகக் காட்டுங்கள்.

பிள்ளை இன்குபேட்டரில் இருந்தால்

28 வாரத்தில் பிறந்த பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். காது முளைத்துப் பத்து வாரம் ஆகியிருக்கிறது. அம்மாவின் தண்டோரா ஒரே நாளில் அறுந்துவிட்டது. சொந்த வாய் திறக்க இன்னும் ஐந்து மாதத்துக்குமேல் ஆகும். அந்த இடைவெளியில் அது படுத்திருப்பது டியூப் லைட்டுக்குக் கீழே.

இங்கே நீங்கள் தனியாக எதுவும் செய்யக்கூடாது, கேட்கத்தான் வேண்டும். "சிஸ்டர், ராத்திரி மேல துணி போட்டு மூடலாமா?" என்று கேளுங்கள். ஊதா, நீலம் என்று நிறம் மாறுவதைப் பார்க்க வேண்டிய, மூச்சு நின்று நின்று வரும் பிள்ளையாக இருந்தால் வேண்டாம் என்பார்கள், அதை மதியுங்கள். நிலைமை சீரான பிள்ளையாக இருந்தால் பெரும்பாலும் சரி என்பார்கள். நான் போர்த்தும்போது தலைமாட்டையும் இரண்டு பக்கத்தையும் மூடி, கால்மாட்டைத் திறந்து வைப்பேன். காற்றுத் துவாரத்தையும் மானிட்டர் வயரையும் மறைக்க மாட்டேன். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் சாச்சுரேஷன் புரோப் காலில் இருக்கும், எண்ணை மானிட்டரில் பார்க்கலாம், ஒரு மணிக்கு ஒரு தடவை முனையைத் தூக்கி முகத்தைப் பார்ப்பேன். காலை ஆறு மணிக்குத் துணியை எடுத்துவிட வேண்டும். இது பலருக்கு மறந்துபோகும். நாள் முழுக்க மூடிக் கிடந்தால் அதுவும் டியூப் லைட் மாதிரிதான், ஒரே சமதரை.

மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கில் வைத்திருக்கிறார்களா? அப்போது இந்தக் கட்டுரையைத் தள்ளி வையுங்கள். அந்த நீலம் மருந்து. காமாலையில் உடம்பை மஞ்சளாக்கும் பிலிருபின் மூளைக்கு ஏறினால் வருவது நிரந்தரச் சேதம், கடிகாரம் இரண்டு நாள் தடுமாறினால் திருத்திக்கொள்ளலாம். கண்கட்டு சரியாக இருக்கிறதா, நழுவி மூக்கில் இறங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், நழுவியிருந்தால் கூப்பிடுங்கள்.

கங்காரு முறையில் நெஞ்சோடு அணைத்து வைக்க அனுமதித்தால், முடிந்தால் ராத்திரி வேளையையும் ஒன்று கேட்டு வாங்குங்கள். சேலை முந்தானைக்குள் இருட்டு இருக்கிறது, உங்கள் சூடு இருக்கிறது, மார்பில் நிலாப் பால் இருக்கிறது.

மாத்திரையும் கம்மியும்

"மெலடோனின்தானே, வாங்கிக் கொடுத்துவிட்டால் என்ன?" என்று கேட்கிறவர்கள் இப்போது அதிகம். அமெரிக்காவிலிருந்து வரும் பெட்டியில் சாக்லெட்டுக்கு நடுவே ஒரு டப்பா கம்மி, அதாவது மெல்லும் மிட்டாய் வடிவத்தில் மெலடோனின், இருக்கும்.

கர்ப்பிணி தானாக எடுக்கக்கூடாது, பச்சிளம் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. நச்சுக்கொடியைத் தடையில்லாமல் கடக்கும் என்று சொன்னேன் அல்லவா, அந்த வழியில் மாத்திரையும் போகும். கேட்கும் காதோ மூளை, சிறுநீரகம் என்று எங்கும் இருக்கிறது. அளவு மிஞ்சினால் ஏற்பியும் மரத்துப்போகும். விடாமல் கதவைத் தட்டினால் வீட்டுக்காரர் எழுந்து வருவதை நிறுத்திவிடுவார், அதுபோல. கனடாவில் 2017இல் கடையில் விற்கும் 31 வகை மெலடோனின் தயாரிப்புகளைச் சோதித்ததில், அட்டையில் போட்டிருந்ததைவிட 83 சதவீதம் குறைவாக இருந்ததும் உண்டு, 478 சதவீதம் கூடுதலாக இருந்ததும் உண்டு. எட்டு வகையில் செரட்டோனின் என்ற வேறொரு மூளை வேதிப்பொருள் கலந்திருந்தது. 2023இல் அமெரிக்காவில் 25 வகை கம்மிகளைப் பார்த்தபோது 22இல் அளவு தப்பு. குறைமாதப் பிள்ளைகளுக்கு மெலடோனின் மருந்தாகக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அது அளந்து, கண்காணித்து, டாக்டர் கையால் நடப்பது. சமையலறை அலமாரியில் நடப்பது அல்ல.

வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி

ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்த பிள்ளைக்கு அலாரமும் வெளிச்சமும் பழகியிருக்கும். நீங்கள் ஆசையாக அறையை இருட்டாக்கி அமைதியாக்கினால் அது அழும். நிறைய அம்மாக்கள் எனக்குப் போன் பண்ணியது அந்த முதல் ராத்திரிதான்: "அக்கா, லைட்டப் போட்டாத்தான் அழுகய நிறுத்துது."

அன்றைக்கு மட்டும் விட்டுக்கொடுங்கள். ஆரஞ்சு பல்பைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்து, மின்விசிறியை ஓடவிட்டு, நெஞ்சில் போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் பல்பை ஓர் அடி தள்ளி வையுங்கள். அதற்கடுத்த நாள் பீரோ பின்னால். அதற்கு மேல் எத்தனை நாள் பிடிக்கும் என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். காலை ஆறு மணிக்கு ஜன்னலைத் திறப்பதை மட்டும் ஒரு நாளும் விடாதீர்கள், ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்திருந்தாலும்.